முப்பது ஏக்கரும் ஓர் ஆறும்

ஹேன்காக் என்ற சிற்றூரில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. இரண்டுக்கும் பெயர் டெலாவேர்தான். ஒன்று கிழக்குக் கிளை, மற்றது மேற்குக் கிளை. நம் ஊராக இருந்தால் இந்தக் கூடலில் ஒரு கோயிலும் படித்துறையும் முளைத்திருக்கும். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். இங்கே இடுப்பளவுத் தண்ணீரில் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். தூண்டில் கயிறு காற்றில் வளைந்து விழுவதைத் தவிர வேறு அசைவில்லை. ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. அதுவும் ஒருவகை வழிபாடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

குனிந்து தண்ணீரில் கை வைத்தேன். அக்டோபர் முதல் வாரம், வெயில் இதமாக அடிக்கிறது. தண்ணீரோ எலும்பைத் தொட்டது.

"எடுங்க மாமா, விறைச்சுப் போயிடும்" என்றான் அக்கா மகன். நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவன். பத்து வருடமாக இந்த ஆற்றை நெடுஞ்சாலைப் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறான்.

அந்தக் குளிர்ச்சி மனிதன் செய்தது. கிழக்குக் கிளையில் பெபாக்டன், மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில் என்று நியூயார்க் நகரம் கட்டிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றின் அடி மட்டத்திலிருந்து திறந்துவிடும் நீர் கோடையிலும் சில்லிட்டே வருவதால் டிரவுட் மீன் இங்கே செழிக்கிறது. நெவர்சிங்க் என்ற மூன்றாவது தேக்கத்தையும் சேர்த்தால், நியூயார்க் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி இந்த ஆற்றுப் படுகையிலிருந்து போகிறது. கீழே இருக்கும் மாநிலங்கள் சும்மா இருக்குமா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆறு என்பது வெறும் வசதியன்று, அது ஒரு பொக்கிஷம் என்று 1931இல் தீர்ப்பெழுதினார் நீதிபதி ஹோம்ஸ். 1954இல் வந்த அடுத்த தீர்ப்பு, நகரம் நாளொன்றுக்கு 80 கோடி கேலன் எடுக்கலாம், ஆனால் கீழே மாண்டேகு என்ற இடத்தில் விநாடிக்கு 1,750 கன அடி ஓடும்படி தண்ணீர் விட வேண்டும் என்றது. கன அடிக் கணக்கைக் காவிரிச் செய்திகளில் படித்தே வளர்ந்த எனக்கு, வந்த முதல் மணி நேரத்திலேயே இந்த ஆறு சொந்தமாகிவிட்டது.

கிளைகளில்தான் அணை. ஹேன்காக்கில் இரண்டும் சேர்ந்த பிறகு கடல் வரை 330 மைல், குறுக்கே ஒரு அணையும் இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இவ்வளவு தூரம் அணையில்லாமல் ஓடும் ஆறு வேறு கிடையாது. இதன் மேல்பகுதிக்கு மத்திய அரசு சிறப்புத் தகுதி கொடுத்தது. அதைக் கரையோர மக்களில் பலர் வேண்டாம் என்று பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார்கள். ஆற்றுக்கு மரியாதை வருகிறது என்றால் சண்டை போட்டு வாங்குவார்கள், சண்டை போட்டுத் தடுப்பார்களா? அந்தக் குழப்பம்தான் என்னைக் கிளப்பிக் கொண்டுவந்தது.

அந்தத் தகுதியைத் தரும் சட்டம் எளிமையானதுதான். 1968 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது. அணைகள் கட்டியது போதும், சில ஆறுகளாவது ஓடட்டும் என்பது சாரம். இந்தத் தகுதி கிடைத்த ஆற்றில் மத்திய அரசு அணை கட்டவோ, கட்ட உரிமம் தரவோ முடியாது. காட்டாறு, எழில் ஆறு, பொழுதுபோக்கு ஆறு என்று மூன்று தரம். முதல் பட்டியலில் 8 ஆறுகள். மேலும் 27 ஆறுகளை ஆராய்ந்து சொல்லச் சொன்னது. அந்த 27இல் டெலாவேர் ஒன்று. பத்து ஆண்டு கழித்து, 1978 நவம்பர் 10 அன்று, ஹேன்காக்கிலிருந்து போர்ட் ஜெர்விஸ் ஊருக்குச் சற்று மேலே வரை 73.4 மைலுக்குத் தகுதி கிடைத்தது. ஆற்றின் இடப்பக்கம் நியூயார்க், வலப்பக்கம் பென்சில்வேனியா. இரண்டு கரையிலும் மொத்தம் 15 உள்ளூர் நிர்வாகங்கள்.

தெற்கே இறங்கும் 97ஆம் எண் சாலை ஆற்றை விட்டு விலகுகிறது, மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. மேப்பிள் மரங்கள் பாதி சிவந்தும் பாதி பச்சையாகவும் நின்றன. வழியில் ஓரிடத்தில் ஆற்றின் குறுக்கே கற்களை அடுக்கி V வடிவில் கட்டியிருந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன். இடிந்த தடுப்பணையோ என்று நினைத்தேன். அது விலாங்கு பிடிக்கும் பொறி.

இரண்டு கல் வரிசைகளும் ஆற்றோட்டத்தின் போக்கிலேயே சாய்ந்து கீழே ஒரு முனையில் சேர்கின்றன. முனையில் மரச்சட்டங்களால் ஒரு பரண். தண்ணீர் சட்ட இடுக்கில் வடிந்துவிடும், விலாங்கு பரணில் தங்கிவிடும். மின்சாரமோ வலையோ தேவையில்லை; ஆற்றின் வேகமே ஆள் வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு வெள்ளமும் கற்களைக் கலைத்துப் போடும். ஒவ்வொரு கோடையிலும் இறங்கி அடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பொறிகள் முன்பு நிறைய இருந்தனவாம். இன்று விரல்விட்டு எண்ணலாம்.

விலாங்கின் கதை விசித்திரம். அட்லாண்டிக்கின் நடுவே சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடித் துண்டுபோலக் கரைக்கு வந்து, ஆறேறி, பத்து இருபது ஆண்டு நன்னீரில் வாழ்ந்து, பிறகு இலையுதிர் காலத்தின் இருண்ட இரவொன்றில் ஆற்றில் நீர் ஏறும்போது முட்டையிட்டுச் சாகக் கடலுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பு பயணத்தில்தான் பரணில் சிக்குகிறது. அது ஏறி வரும்போது இன்னொரு வேலையும் நடக்கிறது: இங்குள்ள நன்னீர் மட்டிகளின் குஞ்சுகள் விலாங்கின் செவுளில் ஒட்டிக்கொண்டு மேலே பயணம் செய்கின்றன. மட்டிகள் தண்ணீரை வடிகட்டுகின்றன. பக்கத்துச் சஸ்குவேஹன்னா ஆற்றில் 1928இல் கானவிங்கோ அணை எழுந்தது. விலாங்கு மேலே ஏற முடியாமல் போனது; அதற்கு மேலே மட்டிகளும் அருகிப்போயின. அணை இல்லை என்றால் என்ன பொருள் என்று யாராவது கேட்டால் இந்தக் கல் வரிசையைக் காட்டினால் போதும். வசந்தத்தில் ஏறிவரும் ஷாட் மீனும் அப்படித்தான். நம் உல்லம் மீனுக்கு அது நெருங்கிய உறவு. மேட்டூர் அணைக்குப் பின் காவிரியில் உல்லத்துக்கு என்ன ஆனது என்று பழைய மீனவர்களுக்குத் தெரியும்.

புகையில் வாட்டிய விலாங்குத் துண்டு ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். நெய் வழிந்தது. அக்கா மகன் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கு வறுவலோடு ஒதுங்கிக்கொண்டான்.

கொச்செக்டன் பக்கம் வந்தபோது ஆறு அகன்று மெதுவானது. 1764இல் டேனியல் ஸ்கின்னர் என்பவர் இங்கிருந்து நெடிய வெண்பைன் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஃபிலடெல்ஃபியா வரை ஓட்டிப்போனார், கப்பல் பாய்மரத்துக்கு. தெப்பக்காரர்கள் அவருக்கு டெலாவேரின் 'மாபெரும் கடற்படைத் தலைவர்' என்று பட்டம் சூட்டினார்கள். அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக இந்தக் கரை மலைகள் மொட்டையாகும்வரை தெப்பங்கள் போயின. இன்று நாம் பார்த்துப் பரவசப்படும் காடு பெரும்பாலும் மறுபடி முளைத்தது. கன்னிக்காடு என்று அட்டையில் போட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம்.

அவர் பெயரைத் தாங்கும் ஸ்கின்னர்ஸ் அருவி உண்மையில் அருவியல்ல. பாறைப் படிகளில் நுரைத்து இறங்கும் ஓட்டம். கோடை வார இறுதிகளில் கனோ படகுகள் வரிசைகட்டும் இடம். அருகே 1902இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. பழுதாகி 2019இல் மூடினார்கள். பழுதுபார்ப்பதா இடிப்பதா என்று ஊர் இரண்டுபட்டது. 2025இல் வெடிவைத்து இறக்கிவிட்டார்கள். ஆற்றங்கரையில் வாக்குவாதம் ஓய்வதே இல்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

நாரோஸ்பர்க்கில் ஆறு இரு பாறைகளுக்கிடையே நெருக்குண்டு, உடனே ஒரு பெரும் மடுவாக விரிகிறது. 113 அடி ஆழம். ஆற்றிலேயே மிக ஆழமான இடம். தெப்பக்காரர்கள் இரவு தங்க இங்கேதான் கட்டிப்போடுவார்களாம். கடைத்தெருவின் பின்புறம் மடுவைப் பார்த்தபடி ஒரு மரமேடை. அங்கே உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், நாங்கள் எந்த ஊர் என்று விசாரித்து, வந்த காரணத்தைக் கேட்டுச் சிரித்தார். எண்பதைத் தாண்டியவர். தொப்பியில் டிராக்டர் படம்.

"நான் எதிர்த்தவன்" என்றார். "அறிவிப்புப் பலகை எழுதியவன். என் அப்பா வாங்கிய நிலத்தில் கொட்டகை போட வாஷிங்டனிடம் கேட்க வேண்டுமா என்று எழுதினேன்."

எதற்காக அவ்வளவு பயம் என்றேன். அவர் ஆற்றோட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார். "கீழே போய்ப் பார்த்தீர்களா?"

அவர் சொன்ன 'கீழே', அணைக்காக ஆட்களை வெளியேற்றிய பகுதி. அங்கே கடைசியில் போனேன்; அதைப் பிறகு சொல்கிறேன். ஆற்றின் மேல்பகுதி மக்கள் எழுபதுகளில் தங்கள் கண் முன்னே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆறு, அதே தேசியப் பூங்காத் துறை, இப்போது தங்கள் வாசலில் வந்து நிற்கிறது. ஆற்றைக் காப்பாற்ற வந்தோம் என்று சொல்கிறது. யார் நம்புவார்கள்?

எல்லோரும் எதிர்க்கவும் இல்லை. நகரத்திலிருந்து வரும் கனோக் கூட்டம் குடித்துவிட்டுத் தோட்டங்களில் ஏறுவதும் குப்பை போடுவதும் பொறுக்காமல், யாராவது வந்து ஒழுங்குபடுத்தினால் சரி என்றவர்கள் இருந்தார்கள். தகுதி வந்தால் நில விலை ஏறும், வரியும் ஏறும் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பூங்காத் துறை கொண்டுவந்த மேலாண்மைத் திட்டம் கூட்டம் கூட்டமாகக் கிழிபட்டது. அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் உண்டு என்றார் முதியவர். பிறகு ஊர்ப் பிரதிநிதிகளே கூடி உட்கார்ந்து, திட்டத்தைத் தாங்களே திருத்தி எழுதினார்கள். 1986இல் உருவான அந்த வடிவத்தை மறு ஆண்டு உள்துறை ஏற்றது. 1988இல், உள்ளூர் நிர்வாகங்களும் இரு மாநிலங்களும் உறுப்பினராக இருக்கும் ஒரு மன்றம் பிறந்தது. இந்த நாரோஸ்பர்க்கில்தான் அதற்கு அலுவலகம். எல்லா ஊர்களும் உடனே வந்து சேர்ந்துவிடவில்லை.

அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இதுதான். நிலம் மக்களுடையதாகவே இருக்கும். எங்கே என்ன கட்டலாம் என்ற விதியை அந்தந்த ஊரே போடும். ஆற்றுக்குப் பங்கம் வராத விதியாக அது இருக்கிறதா என்று மன்றம் பார்க்கும். பூங்காத் துறை தண்ணீரின் மேல் ரோந்து போகும், படகோட்டிகளைக் கரையேற்றும். தகுதி பெற்ற வட்டாரம் 55,000 ஏக்கருக்கு மேல். அதில் மத்திய அரசுக்குச் சொந்தமானது சுமார் 30 ஏக்கர். நம் ஊரில் ஒரு பெரிய பண்ணையார் வீட்டுத் தோப்பு இதைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்த முப்பது ஏக்கர், ஆதரித்தவர்களால் வந்த எண்ணல்ல என்பது என் கட்சி. எதிர்த்தவர்கள் முரண்டு பிடித்திருக்காவிட்டால் இது முந்நூறாகவோ மூவாயிரமாகவோ ஆகியிருக்கலாம். அப்போது இந்தக் கரையில் ஆறு இருந்திருக்கும். தொப்பி போட்ட இந்தக் கிழவர் இருந்திருக்கமாட்டார்.

"அப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்களா, தோத்துட்டீங்களா?" என்று அக்கா மகன் அவரிடமே கேட்டுவிட்டான், ஆங்கிலத்தில். கிழவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, லாக்கவாக்சன் பாலத்தைப் பார்க்காமல் போகாதீர்கள், என் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அங்கேதான் கூட்டிப்போவேன் என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

பாலம் வந்தது. பார்த்ததும் எனக்கு மாத்தூர் நினைவு வந்தது, ஏனென்றால் இதுவும் தொட்டிப் பாலமாகப் பிறந்ததுதான். பென்சில்வேனியாவின் ஹோன்ஸ்டேலிலிருந்து ஹட்சன் ஆறு வரை 108 மைலுக்கு ஒரு கால்வாய் 1828இலிருந்து நிலக்கரி சுமந்தது. டெலாவேரின் குறுக்கே வந்ததும் படகுகள் ஆற்றிலேயே இறங்கிக் கயிற்றைப் பிடித்து அக்கரை போக வேண்டும். மேலிருந்து வரும் மரத் தெப்பம் அவற்றின் மேல் வந்து மோதும். தினமும் அடிதடி. ஜான் ரோப்ளிங் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார்: ஆற்றுக்கு மேலே கம்பி வடத்தில் தொங்கும் ஒரு மரத்தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் படகு. தூண்கள் குறைவாக இருந்ததால் கீழே தெப்பமும் பனிக்கட்டியும் தடையின்றிப் போயின. 1847இல் தொடங்கிய வேலை; 535 அடி நீளம். புரூக்ளின் பாலத்தை வரைந்தவர் இவர்தான், பிற்பாடு.

1898இல் கால்வாய் மூடிற்று. தொட்டி வற்றித் தனியார் சுங்கப் பாலமாயிற்று, சிதைந்தது. 1980இல் பூங்காத் துறை வாங்கிப் புதுப்பித்தது. வடங்கள் பெரும்பாலும் ரோப்ளிங் கட்டியவையே. நாட்டில் இன்று நிற்கும் கம்பித் தொங்கு பாலங்களில் இதுவே பழையது. ஒரு வண்டி மட்டும் போகலாம். கோவேறு கழுதைகள் நடந்த ஓரப்பாதையில் நடந்து நடுவே நின்றேன். கீழே இரண்டு கனோக்கள், சலனமில்லாமல்.

அக்கரையில் லாக்கவாக்சன் சிற்றாறு வந்து சேர்கிறது. மேற்கத்திய நாவல்களால் புகழ்பெற்ற ஸேன் கிரேயின் வீடு அந்த முனையில்தான். பல் மருத்துவத்தை விட்டுவிட்டு எழுத வந்த மனிதர். வீட்டைவிட என்னை அந்த முகத்துவாரமே பிடித்து நிறுத்தியது. 1737இல், ஒரு மனிதன் ஒன்றரை நாள் நடக்கும் தூரம் வரை நிலம் எங்களுடையது என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, பென்சில்வேனியாவை ஆண்ட பென் குடும்பத்தார் இந்த ஆற்றின் பழங்குடிகளான லெனாப்பே மக்களிடம் நிலம் அளந்தார்கள். நடப்பதற்குப் பதிலாக, தேர்ந்தெடுத்த ஆட்களை வெட்டி வைத்த பாதையில் ஓடவிட்டார்கள். ஓடி முடித்த இடத்திலிருந்து ஆற்றுக்குக் கோடு இழுத்தபோது அதையும் சாய்த்து, லாக்கவாக்சன் முகத்துவாரத்துக்கு அருகே கொண்டுவந்து முட்டவைத்தார்கள். ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் போயிற்று.

ஆற்றின் இன்றைய பெயரே அவர்களுடையதல்ல. வர்ஜீனியாவை ஆண்ட ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயர். அந்தப் பெயரையே பிறகு அந்த மக்களுக்கும் ஒட்டினார்கள். விரட்டப்பட்டு ஓக்லஹோமாவில் குடியேறிய டெலாவேர் பழங்குடியினரின் ஒரு பிரிவு, தாங்கள் தனிப் பழங்குடி என்ற மத்திய அரசின் ஏற்பை 1996இல் பெற்றது, 2004இல் நீதிமன்றத்தில் இழந்தது, 2009இல் மறுபடி பெற்றது. ஆற்றுக்குத் தகுதி வேண்டாமென்று ஒரு கூட்டம் இங்கே போராடி ஓய்ந்த பின்னும், ஆற்றின் பழைய மனிதர்கள் அங்கே அதே அரசிடம் தங்கள் தகுதிக்காகக் கால் கடுக்க நின்றிருக்கிறார்கள்.

ஹாக்ஸ் நெஸ்ட் என்ற மலைவிளிம்பில் சாலை பாம்பாக நெளிகிறது. கார் விளம்பரக்காரர்களுக்குப் பிடித்த இடம். எல்லோரும் படமெடுத்தார்கள், நாங்களும். போர்ட் ஜெர்விஸில் மூன்று மாநிலமும் தொடும் கல்லின் மேல் ஏறி நின்றான் அக்கா மகன், ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே.

அதற்குக் கீழே ஆறு அதே ஆறு. ஆனால் கரை மாறுகிறது.

1955 ஆகஸ்டில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து டெலாவேரில் பெருவெள்ளம். டாக்ஸ் தீவு என்ற இடத்தில் அணை கட்ட 1962இல் அனுமதி கிடைத்தது. சுமார் 37 மைல் நீள ஏரி, சுற்றிலும் பூங்கா. சாவுகள் பெரும்பாலும் நிகழ்ந்தது துணை ஆறுகளில்தானே, இங்கே அணை கட்டி என்ன பயன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோரின் வீடும் நிலமும் கையகப்படுத்தப்பட்டன. பிறகு செலவு ஏறியது, பாறை உறுதியில்லை என்ற ஐயம் வந்தது, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எழுந்தார்கள். 1975இல் நான்கு மாநிலங்களின் வாக்கெடுப்பில் பென்சில்வேனியா தவிர மூன்றும் வேண்டாம் என்றன. அணை வரவில்லை. ஆனால் மக்கள் போய்விட்டிருந்தார்கள். 1978 நவம்பர் 10 அன்று, மேலே தகுதி கொடுத்த அதே சட்டம் இந்த நடு டெலாவேருக்கும் தகுதி கொடுத்தது. ஒரே நாள், ஒரே கையெழுத்து. மேலே 30 ஏக்கர். இங்கே கரை முழுவதும் சர்க்கார் நிலம்.

இந்தப் பகுதியை முழுத் தேசியப் பூங்காவாக உயர்த்த வேண்டும் என்று அண்மையில் ஒரு முயற்சி கிளம்பியது. சுற்றுலா பெருகும், பணம் வரும் என்பது ஒரு தரப்பு. வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் வேட்டைக்கு இடமில்லை. வேட்டைக்குத் தனிக் காப்பகம் ஒதுக்குகிறோம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பேச்சை இங்கே யார் எடுத்தாலும் எதிராளி முதலில் சொல்வது டாக்ஸ் தீவு.

அப்படிக் காலியான ஊர்களில் ஒன்றான வால்பாக் சென்டருக்கு மாலையில் வந்தோம். வெள்ளைத் தேவாலயம், தபால் நிலையமாக இருந்த கட்டடம், ஒரு பள்ளி, சில வீடுகள். ஜன்னல்கள் மூடியிருந்தன. 2020 கணக்கெடுப்பில் வால்பாக் ஊராட்சி முழுவதிலும் 7 பேர். ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். கதவில் பித்தளைக் குமிழ் தேய்ந்து பளபளத்தது. எத்தனை கைகள் திருகியிருக்கும்.

அக்கா மகன் தெருவின் நடுவே நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். கார் வரும் என்ற பழக்கத்தில்.

"புல்லை மட்டும் யாரோ ஒழுங்கா வெட்டி வெச்சிருக்காங்களே மாமா" என்றான்.